பூங்காப் பணியும் ஒரு கல்வியே

பூங்காப் பணி என்றால் கூட்டுவதும் நீர் இறைப்பதுமே என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அது கற்கவேண்டிய கலை என்பதை உணர்த்தியவர் எங்கள் ஊர்ப் பூங்காவின் முதிய பணியாளர் ஒருவர். காற்றுக்கு எந்தக் கிளை முறியும் என்பதைப் பார்த்த அளவிலேயே சொல்லுவார். ஆயினும், பழக்கப்பட்டவாறே கிளைகளை அடிமரத்தோடு ஒட்ட வெட்டுவார். அவ்வாறு வெட்டினால் காயம் பெரிதாகி மரம் உட்புறம் உக்கும் என்றும், கிளையடியிலுள்ள தடித்த வளையத்தைத் தொடாது வெட்டவேண்டும் என்றும் அமெரிக்க மரவியல் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ 1980களில் வற்புறுத்தினார். அந்த அறிவு இவரை வந்தடையவில்லை.

மரத்துக்கு மட்டுமன்று, மழலைகளுக்கும் இவரே காவலர். விளையாட்டிடங்களிற் பிள்ளைகள் காயமுறுவது பெரும்பாலும் விழுவதனாலேயே. ஊஞ்சலின் கீழ் மணல் இறுகியதா, கொக்கி தேய்ந்ததா என நாள்தோறும் காணக்கூடியவர் இவரன்றோ?

ஆதலால், நகரசபைகள் வகுக்கும் பயிற்சி மண்டப விரிவுரையோடு முடிதல் ஆகாது. மரத்தடியிலும் ஊஞ்சலடியிலும் செய்துகாட்டல் வேண்டும். முதியவரின் அனுபவத்தையும் இளையவர் பெறல் வேண்டும். யாவற்றினும் மேலாக, பழுதுற்ற ஊஞ்சலை மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராது அன்றே கட்டிவைக்கும் அதிகாரத்தையும் பணியாளருக்கு அளித்தல் வேண்டும். அதிகாரமற்ற அறிவு கைகட்டி நிற்கும். அதற்குள் பிள்ளை ஊஞ்சலில் ஏறிவிடும்.