பாலும் அளவுகோலும்

குழந்தைக்கு ஊட்டும் பாலை ஐயுறுவதற்கு எந்தத் தாயும் விரும்புவதில்லை. ஆயினும், எமது வீட்டில் ஒருமுறை அந்நிலை ஏற்பட்டது. 2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, நியூசிலாந்திலிருந்து இறக்குமதியாகும் பால்மாவில் டைசயன்டயமைட் என்னும் இரசாயனத்தின் எச்சம் உண்டென்ற செய்தி இலங்கையெங்கும் பரவியது. அந்த எச்சத்தினால் உடல்நலத்துக்குத் தீங்கில்லை என்று நியூசிலாந்து அதிகாரிகள் கூறியிருந்தனர். எனினும் அச்சம் தணியவில்லை. தம்பிக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்த அம்மா, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியின் பின்புறத்தை நெடுநேரம் வாசித்தமை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. புரதம் இத்தனை கிராம், கொழுப்பு இத்தனை கிராம் என்று அதிலே அச்சிடப்பட்டிருந்தது. அவர் அறிய விரும்பியது மட்டும் அதில் இருக்கவில்லை.

அச்சிட்ட எண்ணுக்கும் பாலுக்கும் இடையிலுள்ள தூரம் எத்தகையது என்பதை, 2008ஆம் ஆண்டில் சீனாவில் நிகழ்ந்த பால்மா அனர்த்தத்தைப் பற்றிப் படித்தபோதே நான் உணர்ந்தேன்.

பாலிலுள்ள புரதத்தின் அளவைக் கணிப்பதற்கு உலகெங்கும் கையாளப்படும் முறைகளுள் ஒன்று, டென்மார்க் நாட்டு இரசாயனவியலாளர் கெல்டால் 1883ஆம் ஆண்டில் வகுத்ததாகும். அம்முறை புரதத்தை நேரே அளப்பதில்லை. புரதத்தில் ஏறத்தாழ 16 வீதம் நைதரசன் உண்டு. ஆகவே நைதரசனை அளந்து, அதிலிருந்து புரதம் இவ்வளவு எனக் கணக்கிடுவர். கலப்படமற்ற பாலுக்கு இக்கணக்குப் பொருந்தும். ஆனால், நைதரசன் வேறெங்கிருந்து வந்தாலும் சோதனை அதனைப் புரதமென்றே கொள்ளும்.

இந்த இடைவெளியிலேதான் வஞ்சகம் புகுந்தது. விற்பனைக்கு முன் பாலில் நீரைக் கலந்து அளவைப் பெருக்கினர். நீர் கலந்தபோது புரத அளவு குறைந்தது. அக்குறையை மறைக்க மெலமைன் சேர்த்தனர். மெலமைன், எமது விடுதிகளிற் காணப்படும் உடையாத தட்டுகளைச் செய்வதற்கு உதவும் பொருள். அதன் நிறையில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசன். சோதனைச்சாலையில் எண் சரியாக வந்தது. குழந்தைகளின் சிறுநீரகங்களிலோ கற்கள் தோன்றின. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர், அறுவர் மாண்டனர்.

கலப்படஞ் செய்தோரை மட்டும் குற்றஞ்சாட்டி இக்கதையை முடித்துவிட முடியாது. ஹெபெய் மாகாணத்துச் சன்லு கம்பனிக்குப் பெற்றோரின் முறைப்பாடுகள் 2007ஆம் ஆண்டு டிசெம்பரிலேயே கிடைக்கத் தொடங்கின. 2008 ஓகஸ்ட் 2ஆம் திகதி கம்பனி நகர நிருவாகத்துக்கு அறிவித்தது. அதிற் 43 வீதப் பங்குடைமை கொண்டிருந்த நியூசிலாந்தின் பொன்டெரா நிறுவனமும் அன்றே விடயத்தை அறிந்தது. பெய்ஜிங் ஒலிம்பிக் விழா தொடங்குவதற்கு ஆறு நாட்களே இருந்தன. அவ்வாண்டு ஏப்ரலிலேதான் இரு நாடுகளும் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை செய்திருந்தன. நகர நிருவாகம் செய்தியை மாகாணத்துக்கு அறிவிக்க ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. நியூசிலாந்து அரசாங்கம் செப்டெம்பரில் நேரடியாகப் பெய்ஜிங்குக்குத் தெரிவித்த பின்னரே, 11ஆம் திகதி பொதுமக்கள் எச்சரிக்கப்பட்டனர். அந்த நாற்பது நாட்களிலும் தாய்மார் அதே பால்மாவைக் கரைத்துக்கொண்டிருந்தனர்.

இன்னுமொன்று குறிப்பிடத்தக்கது. தரத்திற் சிறந்ததெனக் கருதப்பட்டமையால், சன்லுவின் உற்பத்திகளுக்கு அரச பரிசோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அவ்விலக்கு முறை அனர்த்தத்தின் பின்னரே ஒழிக்கப்பட்டது. கம்பனியின் தலைவிக்கு 2009இல் ஆயுட்காலச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இருவர் மரணதண்டனைக்கு உள்ளாயினர். புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அவ்வாண்டே நடைமுறைக்கு வந்தது.

இவற்றையெல்லாம் வாசித்துச் சினங்கொண்ட எனக்கு, என்னைப் பற்றியதொரு நினைவும் கூடவே எழுந்தது. சென்ற ஆண்டு அரசறிவியற் பரீட்சைக்காகக் கடந்தகால வினாத்தாள்களைத் திரட்டி, ஆறு விடைகளை மனனஞ் செய்தேன். அவற்றுள் நான்கு வந்தன. எனக்கு உயர்ந்த புள்ளி கிடைத்தது. அம்மா அயலவருக்கெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். விடுமுறையில் வீடு சென்றபோது, உயர்தரத்திற் பயிலும் சித்தியின் மகள் அதிகார வேறாக்கம் பற்றி விளக்குமாறு கேட்டாள். நான் மனனஞ் செய்த விடையை ஒப்புவித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரி அண்ணா, உது இல்லாட்டி என்ன நடக்கும்?” என்றாள். என்னிடம் பதிலிருக்கவில்லை. பரீட்சை என் அறிவை அளக்கவில்லை. அதற்குப் பதிலாக நான் கலந்த நைதரசனை அளந்திருந்தது.

என் குற்றத்தால் எவரும் நோயுறவில்லை என்பது உண்மையே. ஆயினும், நாளை பட்டத்துடன் நான் ஓர் அலுவலகத்தில் அமரக்கூடும். ஒரு முறைப்பாட்டுக் கடிதம் என் மேசைக்கு வரவுங்கூடும். அந்நகர நிருவாகத்தில் அமர்ந்திருந்தோரும் பரீட்சைகளிற் சித்தியெய்தியோராகவே இருந்திருப்பர்.

அளவுகோலின்றி இக்காலத்தில் வாழவியலாது. அம்மம்மா பாலை நகத்திலிட்டு, அது வழிந்தோடும் வேகத்தைக் கொண்டு நீர் கலந்ததா என்று சொல்வார். மெலமைனை அவருடைய நகமும் கண்டுபிடித்திராது. ஆகவே சோதனை வேண்டும். அச்சோதனை எதனை அளக்கிறது, எதனை அளக்கத் தவறுகிறது என்று கேட்பவரும் வேண்டும். அவ்வாறு கேட்பவர், சோதிக்கப்படுவோருக்குக் கட்டுப்படாதவராகவும் இருத்தல் வேண்டும்.

தங்கைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த விடுமுறையில் அவளுக்குச் சன்லுவின் கதையைச் சொல்லவிருக்கிறேன். அதிகாரங்கள் ஒன்றையொன்று கண்காணியாவிட்டால் என்ன நடக்கும் என்று அவள் கேட்டதற்கு, எனக்குத் தெரிந்த விடை அதுவே.