தொழிலின் பெயர் இருக்கிறது, ஆளின் பெயர் இல்லை

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில நாட்களாகப் பழைய பிரெஞ்சுப் படங்கள் சிலவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எட்மே பூஷார்தோன் என்ற சிற்பி, பாரிஸ் தெருவில் கூவி விற்பவர்களையும் கூலி வேலை செய்பவர்களையும் காவிக்கட்டியால் வரைந்தார். அவற்றைக் கேலுஸ் என்ற பிரபு செம்புத் தகட்டில் பொறித்தார். 1737 முதல் 1746 வரை 5 தொகுதிகள், தொகுதிக்கு 12 வீதம் 60 படங்கள் வெளிவந்தன.

சைக்ளோஸ்டைலில் கேள்வித்தாள் எடுத்த ஆசிரியர்களுக்கு இது எளிதில் புரியும். மெழுகுத்தாளைக் கீறினால் அந்தக் கோட்டின் வழியே மை இறங்கும் அல்லவா? இங்கே தாளுக்குப் பதில் தகடு. மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார்கள். கீறிய கோட்டில் மட்டும் செம்பு அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை நிரப்பி, மேலே துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் விழும்.

தண்ணீர் சுமப்பவர், துடைப்பம் விற்பவர், முயல்தோல் வியாபாரி என்று பக்கத்துக்கு ஒருவர். யாரையும் கோமாளி ஆக்கவில்லை. சிலை வடிக்க நிறுத்தியதுபோல் நிற்கிறார்கள். சாணை பிடிப்பவரும் உண்டு. அவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்கே ‘கொஞ்சமாகச் சம்பாதிப்பவர்’ என்றுதான் பொருள்!

வரைந்தவர் பெயர் தெரியும். பொறித்த பிரபுவின் பெயரும் தெரியும். படத்தில் நிற்பவருக்கு மட்டும் தொழில்தான் பெயர். முப்பது வருடத்துக்கு மேல் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டவள் நான். எனக்கு இது உறுத்துகிறது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இதே பூஷார்தோன் பாரிஸ் நகரத்துக்காக, மன்னர் பதினைந்தாம் லூயி குதிரைமேல் அமர்ந்த பெரிய வெண்கலச் சிலை ஒன்றைச் செய்தார். அவர் இறந்த மறு வருடம், 1763-இல், அது நிறுவப்பட்டது. 1792-இல் புரட்சிக்காரர்கள் அதைக் கீழே தள்ளி உடைத்தார்கள். வெண்கல மன்னர் முப்பது வருடம்கூட முழுசாக நிற்கவில்லை. தண்ணீர்க்காரர் வெறும் தாளில் இன்னும் வாளியோடு நிற்கிறார்.

அவர் பெயரை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நம் வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடும் தம்பியின் பெயரை இன்றே கேட்கலாம். உங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? கமெண்டில் சொல்லுங்கள்.