கருவாடும் மதராஸியும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஜெர்மனியிலிருந்து பேசினாள். ஸ்டுட்கார்ட்டில் வேலை. அவள் குழுவில் நான்கைந்து ஜெர்மானியர்கள், ஒரு ஆங்கிலேயர், தலைமைக்கு ஒரு அமெரிக்கர். நடுவில் இவள்.

"அப்பா, இந்த வாரம் எங்க ஆபீஸ்ல ஒரே பஞ்சாயத்து" என்று ஆரம்பித்தாள்.

ஜெர்மன்காரர் ஒருவர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட ஆங்கிலேயர் "சுவாரசியமான யோசனை" என்றாராம். ஜெர்மன்காரர் அதை நம்பி இரண்டு வாரம் உட்கார்ந்து வேலையை முடித்துக்கொண்டு வந்து நின்றால், ஆங்கிலேயர் "நான்தான் அன்றைக்கே வேண்டாம் என்றேனே" என்கிறார். அமெரிக்கரோ இரண்டு பேரிடமும் "அற்புதம், பிரமாதம்" என்று சொல்லி வைத்திருக்கிறார். முடிவில், ஆங்கிலேயர்கள் மனதில் உள்ளதைச் சொல்லாதவர்கள் என்று ஜெர்மன்காரர்களும், ஜெர்மன்காரர்களுக்கு நாசூக்கு தெரியாது என்று ஆங்கிலேயரும், அமெரிக்கர்கள் எல்லாவற்றையும் ஊதிப் பெரிதாக்குபவர்கள் என்று இரு தரப்பும் தீர்ப்பு எழுதிவிட்டார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "இதுல என்னம்மா அதிசயம்? பெண் பார்க்க வந்துட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்னு சொல்வாங்களே, அதானே இது? நம்ம 'பார்க்கலாம்'னா என்ன அர்த்தம்னு ஒரு ஜெர்மன்காரனுக்குத் தெரியுமா?" என்றேன். அவளும் சிரித்துவிட்டு, "இந்தியர்களைப் பத்தி அவங்க என்ன தீர்ப்பு எழுதியிருக்காங்கன்னு மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லி போனை வைத்தாள்.

அப்புறம்தான் எனக்கு யோசனை ஓடியது. நானும் ஒரு காலத்தில் அப்படித் தீர்ப்பு எழுதப்பட்டவன். பிறகு நானே எழுதியவன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

மத்திய அரசு வேலையில் இருந்த எனக்கு 1981ல் ஆவடியிலிருந்து கான்பூருக்கு மாற்றல் வந்தது. அதுவரை அரக்கோணத்தைத் தாண்டாதவன். ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஜான்சி வரை போய், அங்கே வண்டி மாறிக் கான்பூர் போய்ச் சேர்ந்தேன். அன்றிலிருந்து நாலு வருடம் எனக்குப் பெயர் கிடையாது. அலுவலகத்திலும் தெருவிலும் நான் 'மதராஸி'. பக்கத்துப் பிரிவில் இருந்த மலையாளியும் மதராஸி. குண்டூர்க்காரரும் மதராஸி. மைசூர்க்காரரும் மதராஸி. நாங்கள் நாலு பேரும் எங்களுக்குள் பேசிக்கொண்டது அரைகுறை ஆங்கிலத்தில் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. பழைய சென்னை மாகாணம் அப்படிப் பரந்து கிடந்தது. 1953ல் ஆந்திரம் பிரிந்தது. 1956ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தன. 1969ல் நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரும் மாறியது. ஆனால் கான்பூரில் 1981லும் மாகாணம் அப்படியே இருந்தது! போதாததற்கு, 1968ல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் குடுமியும் நாமமுமாக ஒரு தமிழ்ப் பாட்டு வாத்தியாராக நடித்திருந்தார். ஊரே பார்த்த படம். என் வாயிலிருந்து இந்தி வந்தாலே எதிரில் இருப்பவர் முகத்தில் அந்த வாத்தியாரைப் பார்த்த சிரிப்பு தெரியும்.

"நீங்கள் முழங்கை வரை குழம்பு வழியச் சாப்பிடுவீர்களாமே?" என்று ஒருவர் உண்மையிலேயே சந்தேகம் கேட்டார். இன்னொருவர், "உங்கள் ஊரில் எங்களைப் பார்த்தாலே பிடிக்காதாமே?" என்றார். 1965 போராட்டத்தின்போது நான் பன்னிரண்டு வயதுப் பையன். ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தின் மேல் அண்ணன்மார்கள் தார் பூசியதை வேடிக்கை பார்த்தவன். அந்த ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிவிடுமோ என்பதுதான் அன்றைய பயம், இந்தி பேசுகிற மனிதர்கள் மேல் எங்களுக்கு ஒன்றுமில்லை என்று அவருக்கு விளக்கினேன். எந்த மொழியில் விளக்கினேன் என்கிறீர்களா? இந்தியில்தான். அதுவும் அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

நான் மட்டும் ஒழுங்கா? வடக்கத்தியான் வாரத்துக்கு ஒருமுறைதான் குளிப்பான் என்று இங்கே கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். கான்பூரில் முதல் ஜனவரி வந்தது. விடியற்காலை குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகிற தண்ணீர். கிணற்றடியில் தினமும் மூன்று குடம் ஊற்றிக்கொண்டு வளர்ந்த தின்னனூர்க்காரன், மூன்று நாள் முகம் மட்டும் கழுவிக்கொண்டு ஆபீஸ் போனான். குளியல் விஷயத்தில் சாதி, மதம், மாநிலம் எல்லாவற்றையும் விடத் தண்ணீரின் குளிர்ச்சிதான் பெரியது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் வினையாக வந்தது கெட்ட பெயர் அல்ல, நல்ல பெயர்!

வீடு தேடி அலைந்தபோது ஒரு பெரியவர் மாடிப் பகுதியை உடனே கொடுத்தார். பூஜை புனஸ்காரம் என்று இருக்கிற சைவக் குடும்பம். "மதராஸி என்றால் எனக்கு யோசனையே வேண்டாம். சுத்த சைவம். இட்லி சாம்பார்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாதக் கணக்கில் லாட்ஜில் இருந்தவனுக்கு வேறு வழியும் தெரியவில்லை. வீட்டில் கவிச்சி சமைக்கக் கூடாது என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். ஒன்றரை வருடம் அவளும் பொறுத்துக்கொண்டாள்.

பிறகு ஊரிலிருந்து அம்மா வந்தார்கள். ஊறுகாய், வடகம், முறுக்கு என்று மூட்டையைப் பிரித்தபோது அடியில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பழவேற்காட்டு நெத்திலிக் கருவாடு. "பாவம், புள்ளைங்க நாக்கு செத்துப் போயிருக்கும்" என்று, நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில், மருமகள் தடுத்தும் கேட்காமல் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்துவிட்டார்கள்.

கருவாட்டுக் குழம்பை ஒளித்து வைக்க முடியுமா? நான் மாலை வீடு திரும்பியபோது பெரியவர் வாசலிலேயே நின்றிருந்தார். கத்தவில்லை. "நீங்கள் என்னை ஏமாற்றிவிட்டீர்கள்" என்றார், அவ்வளவுதான். ஒரு மாதம் தவணை கொடுத்தார். மதராஸிகளை இனி நம்பக் கூடாது என்று தெருவில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவராகவே ஒரு மதராஸியைக் கற்பனை செய்து வைத்திருந்தார். நான் அந்தச் சட்டைக்குள் நுழைந்து ஒன்றரை வருடம் குடியிருந்தேன்.

காலி செய்கிற அன்று அவருடைய தாயார் மாடிப்படி ஏறி வந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். குழந்தைக்கென்று கையால் பின்னிய ஸ்வெட்டர் ஒன்றைக் கொடுத்தார். என் அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார்கள். அந்த அம்மாள் கைகூப்பிவிட்டுக் குடிக்காமல் இறங்கிப் போனார். ஸ்வெட்டர் கொடுத்ததும் அவர்தான், தண்ணீரைத் தொடாததும் அவர்தான். இரண்டையும் சேர்த்து ஒரு மனுஷியாகப் புரிந்துகொள்ள எனக்கு வெகு காலம் பிடித்தது.

இனி இரண்டாவது பகுதி. இதில் வீட்டுக்காரன் நான்.

2012ல் ஓய்வு பெற்றதும் திருநின்றவூர் வீட்டின் மேல் ஒரு போர்ஷன் கட்டினேன். 2019ல் அது காலியானபோது புரோக்கர் நான்கு பையன்களைக் கூட்டி வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. தினமும் லோக்கல் ரயிலில் பட்டரவாக்கம் போய் வருவார்களாம். அவர்கள் காதில் விழும்படியே நான் சொன்னேன்: "இந்திப் பசங்க வேண்டாம்பா. நாலு பேர்னு சொல்லி எட்டு பேர் வருவானுங்க. சுவரெல்லாம் பான் துப்புவானுங்க."

சொல்லிவிட்டு உள்ளே வந்தால் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, கான்பூர் ஞாபகம் இருக்கா?" என்றாள். "அது வேற, இது வேற" என்றேன். என்ன வேறு என்று இன்று வரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கொரோனா வந்து போனது. போர்ஷன் காலியாகவே கிடந்தது. 2022ல், மனம் மாறியெல்லாம் இல்லை, வாடகை வேண்டுமே என்றுதான் வேறு மூன்று பையன்களுக்குக் கொடுத்தேன். என் பழைய கான்பூர் இந்தியைத் தூசு தட்டி எடுத்து ஜம்பமாகப் பேசினேன். அதில் மூத்தவன் சிரித்துக்கொண்டே, "அங்கிள், எங்களுக்கும் இந்தி வேறு மொழிதான். நாங்கள் ஒடியா" என்றான். ஒடிசாவில் கஞ்சாம் மாவட்டம்.

அன்று இரவு எனக்குப் பழைய சரித்திரப் பாடம் நினைவுக்கு வந்தது. 1936 ஏப்ரலில் ஒரிசா தனி மாகாணம் ஆகும் வரை கஞ்சாம் நம் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது! கான்பூர் பெரியவர் கணக்குப்படி பார்த்தால் இந்தப் பையன்களின் கொள்ளுத் தாத்தாக்களும் மதராஸிகள். நானோ அவர்களை 'இந்திப் பசங்க' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன். மலையாளியையும் குண்டூர்க்காரரையும் ஒரே மூட்டையாகக் கட்டியவர்களை எத்தனை கேலி செய்திருப்பேன்!

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு பகலில் மாடியிலிருந்து ஒரு வாசனை இறங்கி வந்தது. மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்து மோந்து பார்த்தாள். எனக்கும் புரிந்துவிட்டது. கருவாடு! சப்பாத்தி தின்கிற கூட்டம் என்று நான் நினைத்திருந்தவர்கள், முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி, வறுத்த கருவாட்டைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு அவர்கள் ஊரில் 'பகாளா' என்று பெயராம். நம் பழைய சோறேதான்.

மூத்தவன் பயந்துபோய் எழுந்து நின்றான். "அங்கிள், மீன் சமைக்கலாமா என்று நாங்கள் கேட்கவில்லை..." என்று இழுத்தான். 1983ல் கான்பூர் வாசலில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். "சாப்பிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று இறங்கி வந்துவிட்டேன். மனைவி ஒரு கிண்ணத்தில் மோர் மிளகாய் வறுத்துக் கொடுத்தனுப்பினாள்.

2023 மார்ச் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. அவை பொய் என்று நம் போலீஸ் அறிவித்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. ஹோலிக்கு ஊர் போகிற கூட்டத்தை, உயிருக்குப் பயந்து ஓடுகிற கூட்டம் என்றும் சிலர் பரப்பினார்கள். ஆனால் பயத்துக்கு பீகார் என்ன, ஒடிசா என்ன? எங்கள் மாடியில் இரவு பதினொரு மணிக்குப் பெட்டி இழுக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். கடைசிப் பையனுக்கு வயது இருபது இருக்கும். அவன் அம்மா உடனே கிளம்பி வரச் சொல்லி அழுகிறாராம். போனை என்னிடம் நீட்டினான்.

அந்த அம்மாவுக்கு இந்தி வராது, எனக்கு ஒடியா வராது. அவர் பேசப் பேச நான் "ஆமாம்மா, ஆமாம்மா" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். 'பாத்' என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது. சோறு. பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்கிறார் என்று வைத்துக்கொண்டேன். "சாப்பிட்டாச்சும்மா" என்றேன். பிறகு என் மனைவி போனை வாங்கி அவள் பங்குக்கு ஏதோ பேசினாள். இரண்டு பெண்களும் பத்து நிமிடம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். மூத்தவனும் கடைசிப் பையனும் தங்கிவிட்டார்கள். நடுவில் உள்ளவன் மட்டும் மறுநாள் காலை ரயிலேறிவிட்டான். அவன் திரும்பி வரவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

எங்கள் ஊர் இருதயாலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் பூசலார் கதை தெரியும். கையில் காசில்லாமல் மனதுக்குள்ளேயே கல் கல்லாகக் கோயில் கட்டியவர். பல்லவ மன்னன் காஞ்சியில் கட்டிய கற்கோயிலுக்கு முன்பாக, இறைவன் பூசலாரின் மனக்கோயிலுக்கே முதலில் போனார் என்பார்கள். மனதில் கட்டுவது எத்தனை உறுதியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நாமோ அதே மனதில் மதராஸி, சேட்டு, இந்திக்காரன், வெள்ளைக்காரன் என்று ஆட்களைக் கட்டி வைத்துவிடுகிறோம். கட்ட ஒரு நிமிடம் போதும். எனக்கு இடிக்க நாற்பது வருடம் ஆயிற்று. அதுவும் முழுக்க இடிந்ததா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

மகளுக்கு நேற்று நானே போன் செய்தேன். "அந்த ஜெர்மன்காரரையும் இங்கிலாந்துக்காரரையும் ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடேன்" என்றேன்.

"பார்க்கலாம்ப்பா" என்றாள்.