மதினி வீட்டுக் கம்மங்கஞ்சி

விருதுநகருக்கு விருந்தாளி வந்தால் எண்ணெய் பரோட்டா வாங்கிக் கொடுத்து, காமராஜர் பிறந்த வீட்டைக் காட்டி அனுப்பிவைப்பது எங்கள் ஊர் வழக்கம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எண்ணெயில் மொறுமொறுவெனப் பொரித்து, நொறுக்கிப் போட்டு, சால்னாவை ஊற்றித் தின்கிற அந்தப் பரோட்டாவைப் போலந்திலிருந்து வந்திருந்த என் நண்பரும் அவர் மனைவியும் ரசித்துத்தான் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்து நண்பர் கேட்டார்: "உங்கள் ஆச்சி வீட்டில் என்ன சமைப்பார்கள்?"

அதற்குப் பதில் எந்தக் கடையிலும் இல்லை. சாத்தூர்ப் பக்கம் கரிசல் கிராமத்தில் என் மதினி இருக்கிறார். அங்கே கிளம்பினோம்.

வழியெல்லாம் கருப்பு மண்ணும் வேலிக்கருவையும். மழை பொய்க்கிற பூமி. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, மறு ஆண்டே ஊரில் தொடங்கினார்கள். விவசாயத்தைக் கெடுத்த அதே வறண்ட காற்று தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் தோதாக அமைந்தது. தொழிற்சாலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ்தான். விடிந்ததும் விடியாததுமாகத் தூக்குவாளியோடு ஆபீஸ் வண்டிக்கு ஓடுகிற பெண்ணுக்குக் கம்பு இடிக்க ஏது நேரம்? அடுப்பில் அரிசி ஏறியதற்கு நாகரிக மோகம் மட்டும் காரணமில்லை. இதை நண்பருக்கு அழுத்தியே சொன்னேன்.

அவர் வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவர். நாளிதழைத் தடையின்றி வாசிப்பார். மதினியோ வெளிநாட்டுக்காரரைக் கண்டதும் பேச்சை மாற்றிக்கொண்டு, "அமருங்கள், உணவு அருந்துகிறீர்களா?" என்றார். அந்தக் குரலில் அவரை நான் கேட்டதே இல்லை. நண்பர் சிரித்தபடி, "நீங்கள் எப்போதும் பேசுகிற மாதிரியே பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். மதினி முகம் தெளிந்தது. "அப்படிச் சொல்லுங்கய்யா! இம்புட்டு வெயில்ல வந்திருக்கீக, கஞ்சி குடிங்க."

முந்தின நாளே கம்பில் தண்ணீர் தெளித்து, உரலில் குத்தி, சொளகில் புடைத்து உமி நீக்கி, மறுபடி இடித்துக் காய்ச்சி, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார். ராத்திரி முழுக்க ஊறிப் புளித்த உருண்டையைக் கரைத்து, மோர் விட்டு, உப்புப் போட்டு, கும்பாவில் ஊற்றினார். தொட்டுக்கொள்ளக் காணத் துவையல், மோர்மிளகாய், மிதுக்க வத்தல், உரித்த சின்ன வெங்காயம்.

ஒரு வாய் குடித்ததும் நண்பரின் மனைவி கணவரைப் பார்த்து, "ஷூரெக்!" என்றார். ரை என்னும் தானியத்தின் மாவைத் தண்ணீரில் கரைத்துச் சில நாள் புளிக்கவைத்துக் காய்ச்சுகிற போலந்துச் சூப் அது. பூண்டு சேரும், அவித்த முட்டையும் இறைச்சிக் குழலும் போட்டுப் பரிமாறுவார்கள். மதினிக்கு ஒரே ஆச்சரியம். "அந்தக் குளிருலயும் புளிச்சதா குடிக்கீக?" என்று கேட்டுவிட்டு, வீட்டிலிருந்த கம்பு மாவைக் கொண்டுவந்து வைத்து, அதில் செய்துகாட்டச் சொன்னார். பூண்டு தட்டிப் போட்டுக் கரைத்துவைத்த மாவு எங்கள் வெயிலில் மறுநாளே பொங்கிப் புளித்துவிட்டது. முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்து மணந்த அந்தச் சூப்பை, "காரந்தான் பத்தல" என்று ஒரு வத்தலைக் கிள்ளிப் போட்டுக் குடித்தார் மதினி.

நண்பர் கஷூபியர், வடபோலந்தில் கதான்ஸ்க் நகரத்தை ஒட்டிய பகுதிக்காரர். சிறுவயதில் வீட்டில் பாட்டியோடு கஷூபியன், பள்ளியில் போலிஷ். வீட்டுப் பேச்சு வகுப்பில் வாய் தவறி வந்தால் கூச்சமாக இருக்குமாம். 2005-ல்தான் போலந்துச் சட்டம் கஷூபியனை வட்டார மொழியாக ஏற்றது. 2011 கணக்கெடுப்பில் அதை வீட்டில் பேசுவதாகச் சொன்னவர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். கஷூபியன் தனிமொழி, நம் கரிசல் பேச்சு தமிழின் ஒரு கிளை. ஆனால் மதினி பேச்சை மாற்றிக்கொண்டது ஏன் என்று என்னைவிட நண்பருக்குத்தான் சட்டென்று புரிந்தது.

இடைசெவல் விவசாயி கி. ராஜநாராயணன் இந்தக் கரிசல் பேச்சுக்கு அகராதியே தொகுத்தார். அதை வாங்கிப் போகச் சொன்னேன். அதற்குள் நண்பர் சொளகு, கும்பா, வெஞ்சனம் எல்லாவற்றையும் மதினியிடமே கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். பொருளைக் கையில் கொடுத்துச் சொல் கற்றுத்தரும் ஆசிரியர் வேறெங்கே கிடைப்பார்? புடைக்கிற வேலை நின்றுவிட்டால் சொளகு என்ற சொல்லும் நின்றுவிடும்.

வெளிநாட்டு நண்பர்கள் வந்தால் ஓட்டலோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், அன்றைக்கு இருக்கிற கஞ்சியையே ஊற்றுங்கள், உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுங்கள். அவர்கள் ஊர்ச் சமையலுக்கும் உங்கள் அடுப்பில் இடம் கொடுங்கள்.