உச்சவரம்புக்குள் ஒரு கோட்டை

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு அதிக வேலை இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையால் எறிவார்கள், கையால் பிடிப்பார்கள். பிடித்தவனை இன்னொருவன் மோதி வீழ்த்துவான். தாக்குவதற்கு 11 பேர், தடுப்பதற்கு வேறு 11 பேர். மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து ஓர் அணியில் 53 பேர். இத்தனை பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று தேசியக் கால்பந்து லீக் (என்.எஃப்.எல்.) ஒரு தொகையை நிர்ணயித்து வைத்திருக்கிறது. அந்தத் தொகைக்குள் பலமான தடுப்பு வரிசையைக் கட்ட முடியுமா? முடியும் என்று காட்டியது சியாட்டில் நகரின் சீஹாக்ஸ் அணி. கட்டியதைக் காப்பாற்ற முடியுமா என்பது வேறு கேள்வி.

இந்தச் சம்பள உச்சவரம்பு வந்தது 1994ல். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற சுதந்திரம் தொழிற்சங்கத்துக்குக் கிடைத்தது. பதிலுக்கு முதலாளிகள் உச்சவரம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த முதல் ஆண்டில் அணிக்கு 3.46 கோடி டாலர். 2025ல் அது 27.92 கோடி டாலர். பணக்கார அணி எல்லா நட்சத்திரங்களையும் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது, சுமார் ஒரு லட்சம் பேர் மட்டுமே வசிக்கும் கிரீன் பே மாதிரி ஊரும் நியூயார்க்கோடு மோத வேண்டும் என்பது நோக்கம். முதலாளித்துவத்தின் தலைமையகத்தில் இப்படி ஒரு சோஷலிச ஏற்பாடு.

நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நம்மூர் மிராசுதார்கள் என்ன செய்தார்கள் என்பது தெரிந்த கதை. அங்கேயும் கணக்குப்பிள்ளைகள் சளைத்தவர்கள் அல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட உடனே ஆட்டக்காரருக்கு ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் உச்சவரம்புக் கணக்கில் அதை ஐந்தாண்டுகள் வரை பிரித்து எழுதிக்கொள்ளலாம். 1995ல் டியான் சாண்டர்ஸ் என்ற தடுப்பு ஆட்டக்காரரை டல்லாஸ் அணி ஏழு ஆண்டுகளுக்கு 3.5 கோடி டாலருக்கு எடுத்தபோது, கையெழுத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1.3 கோடி டாலர். முதல் ஆண்டுகளில் சம்பளம் என்று காட்டியது சொற்பம். லீக் பதறிப்போய் விதியை இறுக்கியது. இந்தத் தந்திரத்தில் ஒரு விபரீதமும் உண்டு. அந்த ஆட்டக்காரரை நடுவில் நீக்கினால், பிரித்து வைத்த பாக்கி முழுவதும் கணக்கில் வந்து விழும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘செத்த பணம்’. நம் ஐ.பி.எல். அணிகளின் பணப்பைக்கும் வரம்பு உண்டுதான். ஆனால் கழற்றிவிட்ட வீரரின் பாக்கி அங்கே பிணமாக வந்து கிடப்பதில்லை.

சியாட்டிலின் பயிற்சியாளர் பீட் கரோலும் பொது மேலாளர் ஜான் ஷ்னைடரும் வேறு வழியைக் கண்டுபிடித்தார்கள். வழி என்ன, கண்தான். புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தரப் படலத்தில், மற்ற அணிகள் பார்த்துவிட்டுத் தள்ளியவர்களை இவர்கள் எடுத்தார்கள். 2010ல் எர்ல் தாமஸை 14வதாக எடுத்தது பெரிய அதிசயம் இல்லை. அதே ஆண்டு காம் சான்ஸலர் 133வது. மறு ஆண்டு ரிச்சர்ட் ஷெர்மன் 154வது - லாஸ் ஏஞ்சலிஸில் குப்பை லாரி ஓட்டியவரின் மகன், ஸ்டான்ஃபோர்டில் படித்தவர், வாயை அடக்கத் தெரியாதவர். பின்வரிசையைக் காத்த இந்தக் கூட்டத்துக்கு ரசிகர்கள் ‘லீஜன் ஆஃப் பூம்’ என்று பெயர் வைத்தார்கள். ‘இடிப் பட்டாளம்’ என்று சொல்லலாம். பந்தோடு வருபவர்மீது சான்ஸலர் மோதும் சத்தத்தைக் கேட்டவர்கள் அந்தப் பெயரை மிகை என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இந்தக் கோட்டையின் அஸ்திவாரம் தடுப்பில் இல்லை, தாக்குதலில் இருந்தது என்பதுதான் வேடிக்கை. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்தான் பெரும்பாலும் ஓர் அணியின் அதிகச் சம்பளக்காரர். சியாட்டிலின் ரஸல் வில்சனோ 2012ல் மூன்றாம் சுற்றில் வந்தவர். புதுமுகங்களின் சம்பளத்தை 2011 ஒப்பந்தம் கட்டிப்போட்டிருந்தது. மூன்று சீசன் முடியும்வரை பேரம் பேசவே முடியாது. 2013ல் உச்சவரம்பு 12.3 கோடி டாலர். அதில் வில்சன் கணக்கில் போனது 7 லட்சம் டாலருக்கும் குறைவு. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமான பணத்தில் முன்வரிசைக்கு கிளிஃப் ஏவ்ரிலும் மைக்கேல் பென்னட்டும் வந்தார்கள்.

விளைவு, 2014 பிப்ரவரியில் தெரிந்தது. அந்த சீசனில் 606 புள்ளிகள் குவித்துச் சாதனை படைத்திருந்த டென்வர் அணியை சூப்பர் பவுல் இறுதியில் எட்டே புள்ளிகளில் முடக்கி, 43-8 என்று ஜெயித்தது சியாட்டில். 2012 முதல் 2015 வரை நான்கு சீசன்களிலும் லீக்கிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி இதுதான்.

ஜெயித்தவர்களுக்குப் பில் வரும். 2014ல் தாமஸுக்கு நான்காண்டுக்கு 4 கோடி டாலர், ஷெர்மனுக்கு 5.6 கோடிக்கும் மேல். 2015ல் வில்சனுக்கு 8.76 கோடி. ஒவ்வொருவருக்கும் கொடுத்தது நியாயமே. கூட்டிப் பார்த்தால்தான் இடித்தது. அதற்கு முன்பே, 2013ல், ஏறத்தாழ 2.8 கோடிக்கு ஒப்பந்தம் போட்டிருந்த சான்ஸலர், சந்தை விலை ஏறிவிட்டதைப் பார்த்து 2015ல் வேலைநிறுத்தம் செய்தார். அவர் இல்லாத முதல் இரண்டு ஆட்டங்களிலும் அணி தோற்றது. நிர்வாகம் அசையவில்லை. ஒருவருக்கு இளகினால் வரிசையில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று அதற்குத் தெரியும். எதுவும் கிடைக்காமல் திரும்பி வந்த சான்ஸலர், சில நாட்களில் டெட்ராய்ட் அணிக்கு எதிராகக் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் எதிரியின் கையிலிருந்த பந்தைக் குத்தித் தள்ளி, 13-10 என்று வெற்றியைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

இத்தனைக்கும் நடுவே உடம்பு என்று ஒன்று இருக்கிறது. உச்சவரம்புக் கணக்கில் அதற்குத் தனிப் பத்தி கிடையாது. அரிசோனா மாநிலத்தின் க்ளெண்டேல் மைதானம் இந்த அணிக்கு மட்டும் பலிபீடமாகவே இருந்திருக்கிறது. 2015 பிப்ரவரியில் அடுத்த சூப்பர் பவுல் இறுதி அங்கேதான். ஷெர்மனுக்கு முழங்கை, தாமஸுக்குத் தோள், சான்ஸலருக்கு முழங்கால் என்று காயங்களோடு ஆடினார்கள். 10 புள்ளி முன்னிலையைக் கடைசிக் கால் பகுதியில் இழந்து, வெற்றிக்கு ஒரு கஜம் இருக்கையில் வில்சன் எறிந்த பந்து எதிரி கைக்குப் போய், 28-24 என்று நியூ இங்கிலாண்டிடம் தோற்றார்கள். 2017 நவம்பர் 9 அன்று அதே மைதானத்தில், ஒரே இரவில், ஷெர்மனின் குதிகால் தசைநார் அறுந்தது. சான்ஸலரின் கழுத்தில் அடிபட்டது. சான்ஸலர் அதன் பிறகு ஆடவே இல்லை. மூன்று மாதம் முன்புதான் அவருக்கு 3.6 கோடி டாலரில் புதிய ஒப்பந்தம் போட்டிருந்தார்கள்.

2018 மார்ச்சில் ஷெர்மனை நீக்கியது அணி. கணக்கில் மிச்சம் 1.1 கோடி டாலர், செத்த பணம் 22 லட்சம். தரகர் இல்லாமல் தானே பேரம் பேசி, பரம எதிரியான சான்பிரான்சிஸ்கோ அணியில் சேர்ந்தார் அவர். ஊன்றுகோலுடன் நடந்தவர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் என்று நிபுணர்கள் சிரித்தார்கள். 2019 சீசனில் அவர் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலுக்குத் திரும்பினார். அவருடைய புதிய அணி இறுதி ஆட்டம்வரை போனது.

தாமஸின் கதை இன்னும் கசப்பு. சான்ஸலரின் கழுத்தைப் பார்த்தவருக்கு எதிர்காலம் பற்றிப் பயம் வந்ததில் என்ன ஆச்சரியம்? புதிய ஒப்பந்தம் கேட்டு 2018 பயிற்சி முகாமுக்கு வரவில்லை. கிடைக்காமலே வந்து ஆடினார். நான்காவது ஆட்டத்தில், செப்டம்பர் 30 அன்று, மறுபடி அதே க்ளெண்டேலில் கால் உடைந்தது. வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனபோது அவர் நடுவிரலை உயர்த்திக் காட்டியது எதிரணியை நோக்கி அல்ல, தன் அணியின் பக்கம். அநாகரிகம் என்றார்கள். அநாகரிகம்தான். ஆனால் அந்த விரலில் இருந்த கணக்கு தப்பானதல்ல.

அடுத்த ஆண்டு தாமஸ் பால்டிமோருக்குப் போனார். வில்சனுக்கு 14 கோடி டாலரில் இன்னொரு ஒப்பந்தம் போட்ட சியாட்டில், 2022ல் அவரையும் டென்வருக்கு மாற்றிவிட்டது. அங்கே இரண்டே சீசனில் நீக்கப்பட்டபோது டென்வர் கணக்கில் விழுந்த செத்த பணம் 8.5 கோடி டாலர்.

வில்சனைக் கொடுத்ததற்குப் பதிலாகக் கிடைத்த தேர்வு உரிமை ஒன்றை வைத்து, 2023ல் ஐந்தாவது ஆளாக சியாட்டில் எடுத்தது டெவன் விதர்ஸ்பூன் என்ற இளைஞரை. தடுப்பு ஆட்டக்காரர். பின்வரிசை. புதுமுகச் சம்பளம். மூன்று சீசன் முடிந்தால் பேரம் பேசலாம் என்ற விதி அவருக்கும்தான்.