பெயர் தெரியாத பாடகர்

பழைய பாடல்களைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு பொதுவான நோய் உண்டு. சேர்க்கத் தெரியும், அடுக்கத் தெரியாது. எனக்கும் அது நெடுநாள் நோய். நண்பர்கள் தந்த இறுவட்டுகள், இணையத்தில் இறக்கியவை, ஒலிநாடாக்களிலிருந்து நானே மாற்றியவை என ஏறத்தாழ ஆறாயிரம் கோப்புகள் என் கணினியில் கிடந்தன. ஒரே பாடல் மூன்று இடங்களில் மூன்று பெயர்களில் இருக்கும். வேண்டிய பாடல் மட்டும் வேண்டிய நேரத்தில் அகப்படாது.

சென்ற ஆண்டு ஒரு போயா விடுமுறையில் இதற்கு முடிவு கட்டத் தீர்மானித்தேன். இசைக் கோப்புகளைத் தாமாகவே வகைபிரித்து அடைவுகளில் இட்டுவைக்கும் மென்பொருள்கள் பல உள்ளன. இலவசமான ஒன்றை நிறுவி, பாடகர், தொகுப்பு, பாடல் என்ற வரிசையில் அடுக்குமாறு பணித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. என் நிம்மதியும் முடிந்திருந்தது.

இந்த மென்பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்பி3 கோப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விபரச்சீட்டு இருக்கலாம். ஐடி3 என்று அதற்குப் பெயர். 1996இல் வந்த அதன் முதல் வடிவம் கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் அடங்கியது. பாடலின் பெயருக்கு 30, பாடகருக்கு 30, தொகுப்புக்கு 30 என்று இடம் ஒதுக்கினார்கள். தமிழைப் பற்றி அங்கே யாரும் நினைக்கவில்லை. யுனிகோட் முறையில் தமிழ் எழுத முடிந்தது பின்னர் வந்த இரண்டாம் வடிவத்தில்தான். அதற்குள் நம்மவர்கள் பாமினி எழுத்துருவில் எழுதி நிரப்பிய சீட்டுகளெல்லாம் இன்று பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவைகளாகத் தெரிகின்றன. மென்பொருள் பாட்டைக் கேட்பதில்லை. சீட்டைத்தான் படிக்கிறது.

அதனால் டி. எம். சௌந்தரராஜன் என் கணினியில் ஐந்து பேரானார். சுருக்கப் பெயரில் ஒருவர், முழுப்பெயரில் ஒருவர், எழுத்துப்பிழையோடு மூவர். திரைப்பாடலை இசையமைப்பாளரைக் கொண்டு தேடுவது நம் பழக்கம். விஸ்வநாதன்–ராமமூர்த்தி எங்கே என்றுதான் கேட்போம். மென்பொருளோ பாடகரைக் கேட்டது. இதெல்லாம் சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய பிழைகள்.

சிரிக்க முடியாதது ‘பெயர் தெரியாத பாடகர்’ என்ற அடைவு. அதைத் திறந்தேன். தடம் 1, தடம் 1 (2), தடம் 1 (3) என்று நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட கோப்புகள். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அவை எங்கள் தோட்டத்துக் குரல்கள்.

இரத்தினபுரி மாவட்டத்தில் காவத்தைப் பக்கம், இறப்பரும் தேயிலையும் கலந்த ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். 1992இல், பத்திரிகையில் சேர்ந்த புதிதில், ஓர் ஒலிப்பதிவுக் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு விடுமுறைகளில் ஊருக்குப் போனேன். அப்பாயியின் தாலாட்டு, பால்வெட்டு முடிந்து வரும் பெண்களின் பாட்டு, இழவு வீட்டு ஒப்பாரியை நினைவிலிருந்து சொன்னவை, காமன்கூத்து, பொன்னர் சங்கர் என்று பதினொரு ஒலிநாடாக்கள் சேர்ந்தன. தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை 1984இல் மறைந்துவிட்டார். அவர் செய்த வேலையில் ஒரு துளியேனும் எங்கள் பக்கத்தில் செய்யலாம் என்பது அன்றைய ஆசை.

பிற்காலத்தில் அவற்றைக் கணினிக்கு மாற்றினேன். சப்ரகமுவவின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த நாடாக்கள் அந்த ஒரு தடவை ஓடியதே பெரிது. கோப்புகளுக்குள் எந்தச் சீட்டும் எழுதவில்லை. ‘கீழ்க்கணக்கு, 1992 தைப்பொங்கல், அப்பாயி தாலாட்டு’ என்று அடைவுக்குத்தான் பெயரிட்டிருந்தேன். யார், எந்த லயம், எந்த நாள் என்ற அத்தனை விபரமும் அந்த அடைவுப் பெயர்களில் மட்டுமே இருந்தது. மென்பொருள் கோப்புகளை வெளியே எடுத்து ஓரிடத்தில் கொட்டிவிட்டு, வெறுமையான அடைவுகளைக் குப்பை என்று அழித்துவிட்டது. குரல்கள் இருந்தன. ஆட்களைக் காணவில்லை.

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். தந்தை வழியில் இந்நாட்டுப் பிறப்பை நிறுவச் சொன்னது அது. பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது மறுமொழி சொன்னவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கவில்லை. மனிதர் எதிரே நின்றாலும் சீட்டு இல்லையென்றால் ‘நாடற்றவர்’. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று தலைக்கணக்கில் பிரித்தார்கள். எங்கள் குடும்பத்திலும் அந்தப் பிரிப்பு நடந்தது. அப்பா இங்கே நின்றார். அத்தை எழுபதுகளில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

அந்த அத்தைதான் இப்போது கைகொடுத்தார். எண்பதைக் கடந்தவர், கண் மங்கிவிட்டது, காது மங்கவில்லை. ஒவ்வொரு கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் அழைத்தார். “தம்பி, இது நம்ம கடைசி லயத்து மூத்தவ. ஒப்பாரியில மூக்கால ஒரு இழுப்பு இழுப்பா பாரு, அதுதான்.” அவர் கப்பலேறிப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் நான் பதிவு செய்த குரல் அது. ஒவ்வொரு ஞாயிறும் பேசினோம். பல நாட்கள் பாட்டைவிட அழுகையே அதிகம். 1981 ஆகஸ்ட் வன்செயலில் எங்கள் மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டபின் வடக்கே போனவர்கள் யார், திரும்பியவர்கள் யார் என்பதெல்லாம் அந்தக் குரல்களின் வழியாக வெளிவந்தன. ஏழு மாதங்களில் இருபத்து மூன்று கோப்புகள் தவிர மற்றவற்றுக்கெல்லாம் ஆள் கிடைத்தது.

இதே வேலையில் இறங்கப்போகும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் முழுத் தொகுப்பையும் வேறொரு வன்தட்டில் பிரதி எடுங்கள். ‘நகர்த்து’ என்பதைத் தவிர்த்து ‘பிரதிசெய்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பத்துக் கோப்புகளில் சோதித்துப் பாருங்கள். திரைப்பாடல்களுக்கு மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் போன்ற மென்பொருள்கள் நல்ல துணை. ஒலியின் கைரேகையை எடுத்துத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்ல அவற்றால் முடியும். ஆனால் உங்கள் பாட்டியின் கைரேகை எந்தத் தரவுத்தளத்திலும் இராது. வீட்டுப் பதிவுகளைத் தனியே ஒதுக்கி, பாடியவர், ஊர், நாள் ஆகியவற்றைக் கோப்புக்குள்ளேயே யுனிகோட் தமிழில் எழுதிவிடுங்கள். குரலை அடையாளம் சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள்.

அந்த இருபத்து மூன்றில் ஒன்று ஒரு பெண்ணின் தாலாட்டு. நடுவில் குழந்தை இருமுகிறது. அவள் பாட்டை நிறுத்தி, முதுகைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறாள். அத்தை நான்கு தடவை கேட்டார். “மேற்கணக்குப் பொம்பளப் புள்ள, அது தெரியுது. நான் வந்ததுக்கப்புறம் வளந்தவளா இருக்கும். எனக்கு ஆளு தெரியலய்யா” என்றார்.

அந்தக் குழந்தைக்கு இப்போது முப்பத்து மூன்று வயதாவது இருக்கும். கோப்பின் சீட்டில் ‘மேற்கணக்கு, 1992’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பாடகர் என்ற கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.