ஆயனர் தேடிய வண்ணம்

ஞாயிறு இரவு, ஔரங்காபாத்

ஊருக்கு இப்போது சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர். ஆட்டோக்காரர் இரண்டையும் சொல்கிறார். அக்கா சாப்பிட்டதும் படுத்துவிட்டாள். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கல்கி இதழில் தொடராக வந்த ‘சிவகாமியின் சபதம்’ நாவலை அம்மா கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தாள். அதைப் படித்த வயதிலேயே அஜந்தா மனசில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அஜந்தாவின் அழியா வண்ணத்தின் ரகசியத்துக்காக அந்தக் கதையின் சிற்பி ஆயனர் எப்படித் தவித்தார்! கல்யாணம், வேலை, மாமியாரின் படுக்கை என்று என் பயணம் தள்ளிக்கொண்டே போனது. இனித் தள்ளிப்போட எதுவும் இல்லை.

திங்கள்

அஜந்தாவுக்கு இன்று விடுமுறை என்பதால் எல்லோரா போனோம். ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி இறக்கிய கைலாசநாதர் கோயிலைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இன்று என் மனசு முழுசாக அங்கே இல்லை.

செவ்வாய் இரவு

பார்த்துவிட்டேன்.

வாகோரா ஆறு லாடமாக வளைகிறது. அந்த வளைவின் மலைச்சுவர் நெடுக 30 குகைகள். முதல் குகையிலேயே போதிசத்துவர் பத்மபாணியின் ஓவியம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் முதலில் வெறும் இருட்டு. கண் பழகப் பழக, சாய்ந்த தலை, தாழ்ந்த இமை, வலக்கையில் தாமரை, மார்பில் முத்துமாலை என்று ஒவ்வொன்றாகத் துலங்கியது. அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் பூச்சு உதிர்ந்த ஓரத்தைக் குனிந்து பார்த்தேன். மண், உமி, நார். அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. அது காய்ந்தபின் பசை கலந்த வண்ணங்களால் தீட்டியிருக்கிறார்கள். சிவப்பும் மஞ்சளும் காவிமண், கறுப்பு விளக்குப்புகைக் கரி. நீலக் கல் மட்டும் ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வந்திருக்கிறது. ஆயனருக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாமே என்றிருந்தது. பெரும்பாலான ஓவியங்கள் 5ஆம் நூற்றாண்டு வாகாடகர் காலத்தவை; அந்தக் கதையின் பல்லவ மன்னர் மாமல்லர் ஆண்டபோதே அவற்றுக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

அழியாத வண்ணமும் அல்ல அது. வேட்டைக்கு வந்து 1819இல் இந்தக் குகைகளைக் கண்ட ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி, 10ஆம் குகையில் ஓவியத்தின் மேலேயே தன் பெயரைக் கீறி வைத்தார். அந்தக் கீறல் ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. அன்று தரையில் அவ்வளவு மண் மூடியிருந்ததாம். கோபம் வந்தது. ஓவியர் ராபர்ட் கில் 1844 முதல் பல வருஷம் இங்கேயே கிடந்து இந்த ஓவியங்களைப் பார்த்து வரைந்த பிரதிகளில் பெரும்பாலானவை 1866இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் போயின. 1920களில் ஹைதராபாத் நிஜாம் வரவழைத்த இத்தாலிய நிபுணர்கள் காப்பாற்றத்தான் வார்னிஷ் பூசினார்கள். நாளடைவில் அதுவே மஞ்சளாகி நிறத்தை மறைத்தது. இத்தனையும் பட்டு பத்மபாணியின் அந்த முகம் மிஞ்சியிருக்கிறதே என்று நினைக்கும்போதுதான் எனக்குக் கண் கலங்கியது.

17ஆம் குகையில் ஓவியமாகத் தீட்டிய கதைகளில் பாதிகூடப் பார்த்திருக்க மாட்டோம், மூடும் நேரம் என்று கிளப்பிவிட்டார்கள். நாளைக்கு தௌலதாபாத் கோட்டை என்று திட்டம். “கோட்டை கிடக்கட்டும்டீ, திரும்ப இங்கேயே வரலாம்” என்று அக்காவே சொன்னாள். டிரைவரைக் காலை ஆறு மணிக்கே வரச் சொல்லியாகிவிட்டது.